உலகம்மாளுக்கு ஓர் ஒதுங்கிடம்

தென்காசியில் பந்தல் போடுகிற வீரபாகுவுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் உலகம்மாள், இளையவள் செண்பகம். 1981 தை மாதம் செண்பகத்துக்குக் கல்யாணம் பேசி முடித்தார்கள். மாப்பிள்ளை வீடு சுந்தரபாண்டியபுரம். முகூர்த்தம் ஆவணியில். வீரபாகு குடியிருந்த சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட வேண்டும். அதனால் குற்றாலம் போகிற ரோட்டில், தெரிந்தவர் ஒருவருடைய தென்னந்தோப்பில் பந்தல் போட்டு நடத்துவதென்று முடிவாயிற்று.

வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டு எல்லாரும் கிளம்பிப் போன பிறகு உலகம்மாள் அப்பாவிடம் வந்தாள்.

"யப்பா, கல்யாணத்தன்னைக்கு நான் வீட்டுலயே இருந்துக்கிடுதேன். வீட்டப் பாத்துக்கிட ஒரு ஆளு வேணும்லா."

அந்த வீட்டில் திருடன் வந்து எடுத்துப் போக மூங்கிலும் கயிறும்தான் இருந்தன. 

உலகம்மாளுக்கு இருபத்து நான்கு வயது. மூன்று வருஷத்துக்கு முன்னால் முதல் பிரசவம் மூன்று நாள் இழுத்தது. பிள்ளை தங்கவில்லை. அதற்குப் பிறகு அவளால் சிறுநீரை அடக்க முடியாமல் போயிற்று. கால்மணிக்கு ஒருதரம் எழுந்து போய்விட்டு வந்தால் சமாளிக்கலாம். தவறினால் சேலை நனைந்துவிடும். புருஷன் வீட்டில் ஆறு மாதம் பொறுத்துப் பார்த்தார்கள். பிறகு ஒரு துணிமூட்டையோடு கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். பாளையங்கோட்டையில் காட்டியதற்கு, ஆபரேஷன் செய்து பார்க்கலாம், உடம்பு இன்னும் தேறட்டும் என்றார் டாக்டர். தாயில்லாத செண்பகத்தை வளர்த்து ஆளாக்கியவள் உலகம்மாள்தான். திரும்பி வந்த நாளிலிருந்து அவள் ஒரு கல்யாண வீட்டுக்கும் போனதில்லை. புருஷனோடு ஏதோ மனத்தாங்கல் என்று சந்தில் உள்ளவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அப்படியே நினைக்கட்டும் என்று இவர்களும் விட்டுவிட்டார்கள்.

வீரபாகு அதுவரை முந்நூறு பந்தலாவது போட்டிருப்பார். மேளக்காரருக்கு மேடை, சமையலுக்குக் கொட்டகை, செருப்பு விட ஒரு மூலை, மாப்பிள்ளை கார் நிற்க நிழல், வாழைமரத்தைத் தின்ன வரும் மாட்டைப் பிடித்துக் கட்ட ஒரு முளை, எல்லாவற்றுக்கும் அவர் இடம் விட்டிருக்கிறார். பெண்கள் ஒதுங்க ஓர் இடம் வேண்டுமென்று அந்த முந்நூறு வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. அவருக்கும் தோன்றியதில்லை. ஆண்கள் தோப்புக்குப் பின்பக்கம் போனார்கள். பெண்கள் விடியுமுன் போய்விட்டு வந்து, பிறகு இருட்டும்வரை காத்திருந்தார்கள். பந்தியில் அவர்கள் தண்ணீர் டம்ளரைத் தொடாமல் எழுந்து போவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். அதைப் பற்றி யோசித்ததில்லை.

மறுநாளே அவர் வேலையை ஆரம்பித்தார். மூங்கில் சட்டம் நான்கு, தென்னந்தட்டி ஆறு, அதன்மேல் சாக்கு. நடுவில் கால் வைக்கப் பலகை, பலகைக்கு அடியில் தகரத் தொட்டி. பக்கத்தில் தண்ணீர் டிரம். உள்ளே தாழ்ப்பாள் போட்ட கதவு. எல்லாவற்றையும் இருபது நிமிஷத்தில் கழற்றிக் கைவண்டியில் ஏற்றிவிடலாம். இன்னொரு இருபது நிமிஷத்தில் வேறோர் இடத்தில் மாட்டிவிடலாம். பந்தல்காரருடைய கை அல்லவா, முடிச்சுகளெல்லாம் ஒரே இழுப்பில் அவிழ்கிற மாதிரி போட்டிருந்தார்.

"ஒனக்குத்தான் செஞ்சிருக்கேன். மணமேடைக்குப் பத்தடியில வச்சிருதேன். நீ எந்திரிச்சு போயிட்டு வந்து ஒக்காந்துக்கிடலாம், ஒருத்தருக்கும் தெரியாது" என்றார்.

உலகம்மாள் அதைச் சுற்றி வந்து பார்த்தாள். தாழ்ப்பாளை இரண்டு தடவை போட்டுத் திறந்தாள். 

இதோடு காரியம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பகுதியில் திறந்தவெளி வைபவ நலக்குழு என்று ஒன்று இருந்தது. ஐந்தருவியிலிருந்து ஆலங்குளம் வரைக்கும் திறந்த வெளியில் நடக்கும் எந்தக் கல்யாணத்துக்கும் சுகாதாரம் சம்பந்தமான ஏற்பாடுகளை அங்கீகரிக்கும் அதிகாரம் அதற்கு. அங்கீகாரம் இல்லாமல் ஒதுங்கிடம் அமைத்தால் பந்தலையே பிரித்துவிடலாம், பந்தல்காரரின் லைசென்ஸும் போய்விடும். குழு ஏற்பட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது. அதுவரை அது ஒன்றையும் அங்கீகரித்ததில்லை. உறுப்பினர்கள் ஏழு பேர், ஏழு பேரும் ஆண்கள். ஒரு பெண்ணை நியமிக்கலாமே என்று ஒரு சமயம் பேச்சு வந்தது. அலுவலகத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை, வந்தால் சிரமப்படுவார்கள் என்று அதைக் கைவிட்டார்கள்.

குழுவின் தலைவர் ஹரிஹரசுப்பிரமணியன், ஓய்வு பெற்ற அதிகாரி. வீரபாகு நீட்டிய மனுவை வாங்கி முதல் வரியைப் படித்ததுமே மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"என்னவே இது, கக்கூஸுன்னு எழுதியிருக்கீரு?"

"அதுதான சார் அதுக்குப் பேரு."

"இந்த ஃபைல் மேலிடத்துக்குப் போகும். அங்க பெரியவங்க சாப்பிட்டுட்டு உக்காந்து படிப்பாங்க. கொஞ்சம் நினைச்சுப் பாரும்."

"அப்ப கழிப்பறைன்னு எழுதட்டுமா சார்?"

"எழுதலாம். ஆனா அறைன்னா சுவர் வேணும். உம்முடையது தட்டி. தட்டியை அறைன்னு சொன்னா அது பொய்த் தகவல். உம்ம மேலேயே நடவடிக்கை எடுக்க வேண்டியதாயிரும். பெயர் இல்லாத ஒரு பொருளுக்கு நாங்க எப்படி அங்கீகாரம் குடுக்க முடியும், சொல்லும்?"

வீரபாகு யோசித்துப் பார்த்தார். மனுவை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்.

பெயர் வைப்பதற்கு ஓர் உபகுழு அமைக்கப்பட்டது. அது மாசி முழுவதும் கூடியது. ஒவ்வொரு கூட்டமும் இறைவணக்கத்தில் ஆரம்பித்து நன்றியுரையில் முடிந்தது; இடையில் வாழைக்காய் பஜ்ஜி. பங்குனியில் 'நடமாடும் நலமண்டபம்' என்று பெயர் முடிவாயிற்று. மண்டபம் என்று ஆகிவிட்டதால் வீரபாகு மண்டபத்துக்கான படிவத்தைப் பூர்த்தி செய்ய வேண்டி வந்தது. ஒரே சமயத்தில் எத்தனை பேர் அமர்ந்து உண்ணலாம், நாதஸ்வரத்துக்குத் தனி மேடை உண்டா, மணமகன் அறையில் மின்விசிறி உண்டா என்றெல்லாம் அதில் கேட்டிருந்தது. இவை எல்லாவற்றுக்கும் எதிரே 'இல்லை' என்று எழுதினார். எல்லாவற்றுக்கும் இல்லை என்று எழுதியிருப்பது அலட்சியத்தைக் காட்டுகிறது என்று குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பினார்கள்.

அந்த அலுவலகத்தில் அவரைப் பார்த்து உட்காருங்கள் என்று சொன்ன ஒரே ஆள் டைப்பிஸ்ட் ஷமீம் பானு. அலுவலகத்தில் ஒரு கழிப்பறை இருந்தது, அதன் சாவி தலைவரின் சட்டைப்பையில். அந்தப் பெண் மத்தியானம் ஒரு மைல் நடந்து மாமி வீட்டுக்குப் போய்விட்டு வருவாள். இதை அவள் வீரபாகுவிடம் சொல்லவில்லை. அவராகவே கவனித்துத் தெரிந்துகொண்டார். இப்போது அவர் இந்த மாதிரி விஷயங்களைக் கவனிக்கத் தொடங்கியிருந்தார்.

"பதினாலாம் நம்பர் கேள்விக்குச் சரியா எழுதலியே அண்ணாச்சி. 'தேவைக்கான காரணம்'னு கேட்டிருக்கு" என்றாள் அவள்.

"பொம்பளைகளுக்குன்னு எழுதினேன் தாயி."

"அது பத்தாதுங்காரு. உள்ள கூப்பிடுதாரு."

உள்ளே தலைவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"வீரபாகு, நான் இதுவரை நானூற்றுப் பன்னிரண்டு கல்யாணத்துக்குப் போயிருக்கேன். எல்லாம் டைரியில இருக்கு. ஒரு கல்யாணத்துலகூட ஒரு பெண்மணி என்கிட்ட வந்து, ஐயா எனக்கு அவசரம்னு சொன்னது கிடையாது. நம்ம பெண்கள் அப்படி. அடக்கம். அடக்கம்னா என்ன? அடக்குறதுதானே. நீர் ஒரு மண்டபத்தைக் கொண்டுவந்து வச்சு அதைக் கெடுக்கப் பாக்கீரு. கெடுக்கலாம், நான் வேண்டாங்கல. ஆனா அதுக்குத் தகுந்த காரணம் வேணும்."

வீரபாகு பின்னால் திரும்பிக் கதவைப் பார்த்தார். பிறகு சொன்னார். மூன்று வருஷமாகத் தன் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்ததை, அந்த மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். பிரசவம், பிள்ளை போனது, கால்மணிக்கு ஒருதரம், தங்கச்சி கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று அவள் சொன்னது, எல்லாம். வெளியே டைப் சத்தம் நின்றுவிட்டது.

தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டார். அதில் நடிப்பில்லை.

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன? இப்பத்தான் ஃபைலுக்கு உயிர் வந்திருக்கு. அப்படியே எழுதிக் குடும்" என்றார்.

எழுதிக் கொடுத்தார். அப்படி எழுதிக் கொடுத்த காரணத்தை, ஆட்சேபம் உள்ளவர்கள் தெரிவிப்பதற்காக, முப்பது நாள் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவைக்க வேண்டும் என்று விதி இருந்தது அவருக்குத் தெரியாது. ஷமீம் பானு டைப் அடிக்கும்போது 'ஒரு பெண்' என்றுதான் அடித்தாள். எந்தப் பெண் என்று தெரியாமல் பொதுமக்கள் எப்படி ஆட்சேபிப்பார்கள் என்று தலைவர் கேட்டார். பச்சை மையில் தம் கைப்படவே 'உலகம்மாள், வயது 24, பந்தல் வீரபாகுவின் மூத்த மகள்' என்று எழுதிச் சேர்த்தார். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

நாலாம் நாள் சந்து முழுக்கத் தெரிந்துவிட்டது.  உலகம்மாள் குழாயடிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். செண்பகம் போய்த் தண்ணீர் எடுத்து வந்தாள். வீரபாகு சாப்பிட உட்கார்ந்தால் உலகம்மாள் எப்போதும்போலச் சோறு போட்டாள், எப்போதும்போலக் குழம்பு ஊற்றினாள். 

பதினைந்தாம் நாள் சுந்தரபாண்டியபுரத்திலிருந்து மாப்பிள்ளையின் அம்மா மாரித்தாய் பஸ் ஏறி வந்தாள். கல்யாணம் நின்றுபோயிற்று என்றே வீரபாகு நினைத்தார். 

"மூத்தவ எங்க? கூப்பிடுங்க" என்றாள் மாரித்தாய்.

உலகம்மாள் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தாள். மாரித்தாய் அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டாள்.

"எனக்கு மூணாவது பிள்ளைக்கப்புறம் இருமினா நனஞ்சுரும்ட்டி. பதினேழு வருசமாச்சு. எம்புருசனுக்கே தெரியாது. ஒம் பேர எழுதிப் போட்டிருக்கானாம்லா, அதுக்குக் கீழ எம் பேரையும் எழுதச் சொல்லு."

உலகம்மாள் அழவில்லை. "காப்பி போடட்டுமா அத்தை?" என்று கேட்டாள்.

மாரித்தாய் சும்மா பேசிவிட்டுப் போகிறவள் இல்லை. அந்த வாரமே குழு அலுவலகத்துக்குப் பதினோரு பெண்களைக் கூட்டிக்கொண்டு போனாள். தங்களுக்கும் இந்த மண்டபம் தேவை என்று எழுதிய காகிதத்தில் ஐந்து பேர் கையெழுத்தும் ஏழு பேர் கைநாட்டும் இருந்தன. தலைவர் அதை வாங்கிப் படித்தார். வந்தவர்கள் ஆட்சேபத்துக்கான காலத்தில் வந்திருக்கிறார்கள், ஆனால் ஆட்சேபிக்கவில்லை. ஆகவே இதை ஆட்சேபமாகவும் எடுத்துக்கொள்ள முடியாது, ஆதரவுக்கென்று விதியில் தனிக்காலம் இல்லாததால் ஆதரவாகவும் எடுத்துக்கொள்ள முடியாது என்று விளக்கினார். பன்னிரண்டு பேரும் மத்தியானம் இரண்டு மணிவரை நின்றார்கள். ஷமீம் பானு அவர்களை மாமி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டு வந்தாள்.

ஆனியில் குற்றால சீசன் ஆரம்பித்தது. தேவை உண்மைதானா என்று நேரில் ஆராய்வதற்காகக் குழு ஐந்தருவிக்குக் கிளம்பிப் போனது. அருவிக்கரையில் ஏழு பேரும் எண்ணெய் தேய்த்துக்கொண்டார்கள். இரண்டு மணி நேரம் குளித்தார்கள். அங்கேயே சமைத்துச் சாப்பிட்டார்கள். பிறகு ஒரு புதரைத் தேர்ந்தெடுத்து அதன் எதிரே ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்து சாயங்காலம் வரை கண்காணித்தார்கள். 'குழு கண்காணித்த மூன்று மணி நேரத்தில் எந்தப் பெண்ணும் அந்தப் புதரின் பக்கம் வரவில்லை. எனவே பெண்களுக்கு அத்தகைய தேவை இருப்பதாக உறுதிப்படுத்த இயலவில்லை' என்று அறிக்கை வந்தது. இருந்தாலும் தலைவர் மனம் இளகியிருந்தார். கருணை அடிப்படையில் ஒரே ஒரு கல்யாணத்துக்கு மட்டும் சோதனை முறையில் அனுமதி தரலாம் என்று அதன் கீழே எழுதினார்.

ஆடி கடைசியில் உத்தரவு வந்தது. நடமாடும் நலமண்டபத்தைத் தோப்பில் நிறுவலாம். தலைவர் நேரில் வந்து திறந்து வைக்கும்வரை எவரும் உபயோகிக்கக் கூடாது. திறப்பு விழா முகூர்த்த நாளன்று காலை ஆறு மணி.

முகூர்த்தம் ஏழரைக்கு மேல் ஒன்பதுக்குள். ஆறு மணி என்றால் நல்லதுதான் என்று வீரபாகு நினைத்தார். வீட்டுக்கு வந்து உலகம்மாளிடம் உத்தரவை வாசித்துக் காட்டினார்.

"வாரேம்ப்பா" என்றாள் அவள்.

மாரித்தாய் தன் பக்கத்துப் பெண்களுக்கெல்லாம் சொல்லிவிட்டாள். அதனால் அந்தக் கல்யாணத்துக்கு வந்த பெண்கள் விடியுமுன் காட்டுப்பக்கம் போகவில்லை. வந்து இறங்கியதும் கூச்சமில்லாமல் காப்பி வாங்கிக் குடித்தார்கள். ஒரு கிழவி இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கினாள்.

சுகாதார ஆய்வாளர் ஏசுதாசன் ஐந்து மணிக்கே வந்துவிட்டார். பையிலிருந்து நூலும் அரக்கும் மெழுகுவத்தியும் எடுத்தார். கதவின் குறுக்கே நூலைக் கட்டி, அரக்கை உருக்கி மூன்று இடத்தில் முத்திரை வைத்தார். பிறகு பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

ஆறாயிற்று. தலைவர் வரவில்லை. ஆறரைக்கு வீரபாகு தன் கூட்டாளி ஒருவரைச் சைக்கிளில் அனுப்பினார். சாரல் நன்றாக விழுகிறதென்று ஐயா மெயினருவிக்குக் குளிக்கப் போயிருக்கிறார், அங்கிருந்து நேரே வந்துவிடுவார் என்று பதில் வந்தது.

அலங்கரித்த வேனில் செண்பகமும் உலகம்மாளும் ஆறேமுக்காலுக்கு வந்து இறங்கினார்கள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக உலகம்மாள் பட்டு உடுத்தியிருந்தாள். தலைநிறையப் பூ. தங்கையை மணவறைப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு, தட்டிக் கதவைத் தேடி வந்தாள். அரக்கைப் பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள்.

"இந்தா, இப்ப வந்துருவாரும்மா" என்றார் ஏசுதாசன், எழுந்து நின்றுகொண்டு.

ஏழாயிற்று. தோப்பின் பின்பக்கம் ஆண்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். பெண்கள் ஒருவரும் உட்காரவில்லை. தட்டியைச் சுற்றிக் கும்பலாக நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. நன்றாக விடிந்துவிட்டது. தோப்பைச் சுற்றி வயலில் ஆட்கள் இறங்கிவிட்டார்கள், ரோட்டில் பஸ் போக ஆரம்பித்துவிட்டது. இனி எங்கேயும் ஒதுங்க முடியாது. மாரித்தாய் மணவறைப் பக்கம் மகனோடு நிற்க வேண்டியிருந்தது. அங்கிருந்தே இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள்.

வீரபாகு இடுப்பிலிருந்த சூரிக்கத்தியை எடுத்தார். "சார், ஒரே ஒரு தடவ. எம் மக மட்டும் போயிட்டு வந்துரட்டும். திரும்ப நீங்களே ஒட்டி வச்சிருங்க" என்றார்.

ஏசுதாசனுக்கு நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. "அண்ணாச்சி, எனக்கும் மக இருக்கா. ஆனா முத்திர ஒடஞ்சா ஒடனே பந்தலப் பிரிக்கணும்னு உத்தரவு போட்டுருக்காரு. கையோட அதையும் குடுத்துவிட்டுருக்காரு. நான் பிரிக்கலன்னா எம் பென்சன் போயிரும். முகூர்த்த நேரத்துல பந்தலப் பிரிச்சா என்னத்துக்கு ஆகும், நீங்களே சொல்லுங்க."

வீரபாகு கத்தியைப் பிடித்தபடியே நின்றார். ஒரு வெட்டு வெட்டினால் தட்டி முழுவதும் கழன்று விழுந்துவிடும். எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று அவருக்குத்தான் தெரியும்.

"வேண்டாம்ப்பா" என்றாள் உலகம்மாள். "அவ கழுத்துல தாலி ஏறட்டும்."

"வண்டியில வீட்டுக்குப் போயிட்டு வந்துருதியா தாயி?"

"வேணாம். நிக்கேன்."

அவள் மணவறை தெரிகிற மாதிரி ஒரு தென்னை மரத்தில் சாய்ந்துகொண்டு நின்றாள். ஐயர் மந்திரம் சொல்லத் தொடங்கினார். மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தான். பெண்ணைக் கூப்பிட்டார்கள். செண்பகம் கூட்டத்தில் கண்ணால் தேடுவது இங்கேயிருந்து தெரிந்தது. உலகம்மாள் கையைத் தூக்கிக் காட்டினாள். அப்படித் தூக்கிய கையை அவள் கீழே போடவில்லை. அப்படியே முகத்தை மூடிக்கொண்டாள்.

பிறகு அவள் மெல்ல நடந்து சமையல் கொட்டகைப் பக்கம் போனாள். அங்கே ஒரு குடத்தில் தண்ணீர் இருந்தது. அதைத் தூக்குகிறவள்போலத் தூக்கி, கை தவறியதுபோலத் தன் மேலேயே சாய்த்துக்கொண்டாள். கழுத்திலிருந்து கால்வரை நனைந்துவிட்டது. "அய்யய்யோ, பட்டுச் சேலையாச்சே" என்று சமையல்காரர் சொன்னார். "கை வழுக்கிட்டு" என்றாள் உலகம்மாள். சொட்டச் சொட்ட ரோட்டை நோக்கி நடந்தாள்.

கூடப் போவதா, இங்கே நிற்பதா என்று வீரபாகுவுக்குத் தெரியவில்லை. இரண்டடி அவள் பக்கம் போனார், நின்றார். பந்தல் பக்கம் திரும்பினார். அந்த நேரத்தில், "ஐயா கார் வருதாம்" என்று யாரோ சொன்னார்கள். உடனே வாசலுக்கு ஓடினார். அது ஐயா கார் இல்லை. வாசலில் அவர் நிற்கும்போதே கெட்டிமேளம் கொட்டிற்று. உலகம்மாள் அதற்குள் ரோட்டில் பாதித் தூரம் போயிருந்தாள். மேளச் சத்தம் கேட்டு ஒரு கணம் நின்றாள், பிறகு போய்விட்டாள்.

தலைவர் பதினொன்றரைக்கு வந்தார். நல்ல குளியல், முகம் பளபளவென்றிருந்தது. முதல் பந்தியில் உட்கார்ந்து பாயசம் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். பிறகு ஒலிபெருக்கியில் பேசினார்.

"இங்கே ஒரு பெண்ணின் துயரத்தைக் கேட்டு என் கண் கலங்கியது. அந்தப் பெண்ணின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. பெண்களின் மானம் நமக்கு உயிர். ஆகவேதான் எட்டே மாதத்தில், இரவு பகல் பாராமல், இந்தக் குழு ஒரு மண்டபத்தைக் கொண்டுவந்து உங்கள் முன்னால் நிறுத்தியிருக்கிறது. இன்று காலை பெண்கள் எவ்வளவு பொறுமையாகக் காத்திருந்தார்கள் என்று ஆய்வாளர் சொன்னார். அதைக் கேட்கக் கேட்க எனக்கு ஒன்று தோன்றுகிறது. இவ்வளவு பொறுமை உள்ளவர்களுக்கு இந்த மண்டபம்தான் எதற்கு?"

ஆண்கள் பக்கம் கைதட்டல் எழுந்தது. பெண்கள் பக்கத்தில் ஆளே குறைவு. சாப்பிடாமலே பாதிப்பேர் பஸ் ஏறிவிட்டார்கள்.

தலைவர் ரிப்பனை வெட்டினார். அரக்கை உடைத்தார். மூன்று பாயசம் சாப்பிட்டவரல்லவா, முதலில் அவரே உள்ளே போனார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. ஏசுதாசன் தலையைக் குனிந்துகொண்டார். வெளியே வந்ததும் தலைவர் பதிவேட்டை வாங்கி, 'மிகவும் வசதியாக உள்ளது' என்று பச்சை மையில் எழுதிக் கையெழுத்திட்டார். சோதனை வெற்றி பெற்றுவிட்டதால், அடுத்த கூட்டத்தில் உறுப்பினர்கள் பார்வையிடுவதற்காக மண்டபத்தை உடனே அலுவலகத்துக்கு அனுப்பும்படி உத்தரவிட்டார்.

வீரபாகுவே அதைக் கழற்றினார். இருபது நிமிஷம் ஆகவில்லை. தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் குழியில் கொட்டிச் சாம்பல் போட்டு மூடினார். அந்த வேலைக்கு ஆள் கூப்பிடட்டுமா என்று ஏசுதாசன் கேட்டதற்கு, வேண்டாமென்று சொல்லிவிட்டார். கைவண்டி கிளம்பிப் போகும்போது செண்பகமும் மாப்பிள்ளையும் சுந்தரபாண்டியபுரம் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். சிவப்புப் பட்டுக்கு மாறியிருந்த செண்பகம் அப்பா காலில் விழுந்து எழுந்து, "அக்கா எங்க?" என்று கேட்டாள். தண்ணீர் கொட்டிவிட்டது, சேலை மாற்றப் போயிருக்கிறாள் என்றார். "இவ்வளவு நேரமாவா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் வேனில் ஏறிக்கொண்டாள்.

அவர் வீட்டுக்கு வரும்போது நாலு மணி. உலகம்மாள் சேலையைத் துவைத்து, முற்றத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் தரையில் உட்கார்ந்து குடித்தார். 

"தாலி கட்டும்போது அழுதாளாப்பா?" என்று கேட்டாள் உலகம்மாள்.

வீரபாகு சொம்பைக் கீழே வைத்தார். "அழல. சிரிச்ச மொகமாத்தான் இருந்தா."

"மாப்பிள்ளைக்கு முடிச்சுப் போட வந்துச்சா? கை நடுங்குச்சா?"

"நடுங்கிச்சு. அவரு அம்மாதான் பின்னால நின்னு கைய அணைச்சுப் பிடிச்சாங்க. அப்பம் எல்லாரும் சிரிச்சாங்க."  சொம்பை ஓரமாக நகர்த்தி வைத்தார். "செவப்புப் பட்டுல அப்பிடியே அம்மன் மாதிரி இருந்தா தாயி."

செண்பகத்தின் முகூர்த்தப் பட்டு மாம்பழ மஞ்சள். விடிகாலையில் அதற்கு மடிப்பு எடுத்து, தலைப்பைச் சரிசெய்து, தங்கைக்குக் கட்டிவிட்டவள் உலகம்மாள்தான்.

அவள் கொடியில் சேலையின் சுருக்கத்தை நீவிவிட்டாள். பிறகு வந்து அப்பாவுக்கு எதிரில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"ம்," என்றாள். "அப்புறம் என்ன நடந்துச்சு, சொல்லுங்க."